சன்னலோர மேசையில் மிரெல்லா

ரோக்காவெர்னாவில் வெளியே போய்ச் சாப்பிட மூன்று இடங்கள்தான் இருந்தன. சதுக்கத்தில் எங்கள் கடை. ரயிலடியில் பிருனோவின் கடை. மேட்டில், பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்து, ஒயின் சுவைக்க வரும் வெளியூர்க்காரர்களுக்காகத் திறந்த பெரிய உணவகம். அங்கே தட்டு அகலமாக இருக்கும்; சாப்பாடு அதன் நடுவில் ஒரு பொட்டு மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்குக்கூட அங்கே போவதில்லை.

எவாசியோவும் அவன் மனைவி மிரெல்லாவும் பிரிந்தபோது இந்த மூன்றையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கோ, காருக்கோ, சரிவில் இருந்த துண்டுத் திராட்சைத் தோட்டத்துக்கோ சண்டை வரவில்லை. சாப்பாட்டுக் கடைக்குத்தான் வந்தது. சின்ன ஊர். பிரிந்த இரண்டு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து தனித்தனியாகச் சாப்பிட்டால் மொத்தக் கடையும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும். அது இருவருக்கும் தெரியும்.

பேச்சு எங்கள் கடையிலேயே நடந்தது, மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு. காபி கொண்டுபோய் வைத்தது பியெராவாகிய நான்தான்.

"பியெரா கடை எனக்கு வேணும்," என்றாள் மிரெல்லா. "மருந்துக் கடையிலேர்ந்து நாலு எட்டு. மழை பேஞ்சாகூட ஓடி வந்துருவேன்."

"எனக்கும் அதுதான் வேணும்," என்றான் எவாசியோ.

"உன் பட்டறைக்குப் பக்கத்துல பிருனோ இருக்கானே."

"பிருனோ வேக வைக்கிற கறிய டிராக்டருக்கு டயரா மாட்டலாம்."

மிரெல்லாவின் உதடு ஓரத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. நான் பார்த்தேன். அன்றைக்கு அவள் அதை வெளியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. காபிக் கோப்பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"மேட்டுக் கடையும் நீயே வச்சுக்க. உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. உனக்குத்தான் கொழுத்த பங்கு."

அவன் எழுந்து, என்னிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனான். அதோடு எங்கள் கடைக்கு வருவது நின்றது.

நாங்கள் மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எவாசியோ குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை, வேறு பெண் தொடர்பும் கிடையாது. டிராக்டர் மெக்கானிக். அறுவடைக் காலத்தில் சுற்று வட்டாரத் தோட்டக்காரர்கள் எல்லோரும் அவன் வாசலில்தான் நிற்பார்கள். மாலையில் வந்து, கை கழுவி, சாப்பிட்டு, படுத்துவிடுவான். அவர்களுக்கு ஒரே மகன், கொர்ராடோ. அவன் ஆஸ்திரேலியாவில் ஒரு ஒயின் ஆலையில் வேலைக்குப் போன பிறகுதான் அந்த வீட்டில் அதுவரை பேசிக்கொண்டிருந்தது அவன் மட்டுமே என்று மிரெல்லாவுக்கு உறைத்தது.

"ஒரு நாள் முழுக்க அந்த வீட்டுல கேட்ட பேச்சு என்ன தெரியுமா?" என்று என்னிடம் சொன்னாள். "'உப்ப எடு.' அவ்வளவுதான். அதச் சொன்னதும் நான்தான்."

தான் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். மத்தியானம் எங்கள் கடைக்கு வந்து சன்னலோரச் சின்ன மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கால் குடுவை பார்பெரா ஒயின், ஒரு தட்டு, சில நாள் கடைசியில் இனிப்பு.

அந்த வருஷம் எங்கள் வேன் அடிக்கடி மக்கர் செய்தது. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எவாசியோ வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டான்:

"நேத்து என்ன சாப்பிட்டா?"

"யாரு?"

கீழே எதையோ முடுக்கினான். ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

"தயாரின்," என்றேன். எங்கள் பக்கத்து மெல்லிசு முட்டை நூடுல்ஸ் அது. "வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டு. முழுசா சாப்பிட்டா."

"அப்ப நல்லாத்தான் இருக்கா."

அதற்குப் பிறகு வேனில் கோளாறு இல்லாவிட்டாலும் நான் அந்த வழியாகப் போக ஆரம்பித்தேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்ன சாப்பிட்டாள் என்பான், மிச்சத்தை அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். சூப் மட்டும் என்றால், "ஜலதோஷம். பனிக்காலம் தொடங்கினா அவளுக்கு வந்துரும்." சாக்லேட் புட்டிங் கேட்டு வாங்கினாள் என்றால், "கொர்ராடோ போன் பண்ணிருப்பான்." பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒருமுறை வறுத்த குடமிளகாய் சாப்பிட்டாள் என்று சொன்னதும் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான்.

"அது அவளுக்கு ஒத்துக்காது. ஏன் குடுத்தீங்க?"

"கேட்டா, குடுத்தோம். நான் என்ன அவளுக்கு அம்மாவா?"

"பக்கத்துல இருக்கிறவ நீதானே," என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டான்.

என் கணவர் தெரேசியோதான் எங்கள் கடையில் சமையல். அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். ஆனால் எல்லாம் அவர் காதுக்குப் போய்விடும். "பியெரா, இங்க நான் சமைக்கிறேனா, அந்த ஆளுக்கு உளவு வேலைக்குப் பண்டம் தயார் பண்றேனா?" என்பார். சொல்லிவிட்டு, மிரெல்லாவின் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைப்பார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் கடைக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வரத் தொடங்கினார்கள். வழக்கமாக மேட்டுக் கடைக்குப் போகிறவர்கள். கார் பழுதாகிப் பட்டறையில் நிற்கும்போது, "இங்க எங்க சாப்பிடலாம்?" என்று எவாசியோவிடம் கேட்பார்களாம். அவன் எண்ணெய்க் கையால் சதுக்கத்தின் பக்கம் காட்டிவிடுவானாம். தான் காலடி வைக்காத கடைக்கு ஊரில் அவனைப்போல ஆள் அனுப்பியவர் யாரும் இல்லை.

ஒரு நாள் ஹாலந்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. அந்த அம்மாவுக்கு எங்கள் பாஷை கொஞ்சம் தெரியும். உணவுப் பட்டியலை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேண்டாங்க. மெக்கானிக் சொல்லியிருக்கார். சன்னல் பக்கத்துல ஒரு அம்மா தனியா உக்காந்திருப்பாங்க, அவங்க என்ன சாப்பிடுறாங்களோ அதையே கேளுங்க, அவங்களுக்குச் சாப்பாடு தெரியும்னு சொன்னார்."

நல்ல கணீர்க் குரல் அந்த அம்மாவுக்கு. பக்கத்து மேசைகள் அடங்கிப் போயின. சன்னலோரத்தில் மிரெல்லா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். முகம் கழுத்து வரை சிவந்தது. என்னைப் பார்க்காமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் வரவில்லை. பிறகு கடை திறக்கும் முன்னாலேயே வந்து, நான் மேசை விரிப்பு போட்டுக்கொண்டிருந்த இடத்தில் நின்றாள்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"எது?"

"நடிக்காதடி. அவன் கேக்கறான், நீ சொல்ற. அப்படித்தானே?"

"நீ என்ன சாப்பிட்டேன்னு கேப்பான். வேற ஒண்ணும் கேக்க மாட்டான்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் வந்தவள்தான். ஆனால் பேச வாயெடுத்தபோது குரல் உடைந்தது.

"ஒரே மேசையில எதிர எதிர உக்காந்தப்ப, என் தட்டுல என்ன இருக்குன்னு ஒரு தடவ நிமிந்து பார்த்திருப்பானா இந்த மனுஷன்? இப்ப ஊரான் ஊரானுக்கெல்லாம் சொல்லி அனுப்பறான்."

விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே நின்றேன். உள்ளேயிருந்து தெரேசியோ, "அவளுக்கு ஒரு காபி போடு," என்றார்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் பிருனோ கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டான். எவாசியோவுக்கு மிஞ்சியது மேட்டுக் கடை. அங்கே போவானா அவன்? பட்டறையில் நின்றபடியே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். "எங்க கடைக்கு வாயேன்" என்றேன். "பங்கு போட்டாச்சு. பேச்சு பேச்சுதான்," என்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

இதை நான் மிரெல்லாவிடம் சொன்னேன். அவள் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தபடி வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த தேவாலயமே தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் வரச் சொல்லு," என்றாள் கடைசியில். "பாஞ்ஞா காவுதா போடச் சொல்லு தெரேசியோவ. எத்தன நாளாச்சு அதச் சாப்பிட்டு. தனியா ஒருத்திக்கு நீங்க அத வைக்க மாட்டீங்களே."

உண்மைதான். பூண்டையும் நெத்திலியையும் எண்ணெயில் கரைய விட்டு, மண்சட்டியில் சுடச்சுட நடுவில் வைப்போம். சுற்றி உட்கார்ந்து ஒரே சட்டியில் காய்களைத் தோய்த்துத் தின்ன வேண்டும். அப்புறம் இரண்டு நாள் மேலெல்லாம் பூண்டு வாடை. தனியாள் யாரும் அதைக் கேட்பதில்லை.

எவாசியோ வந்தான். முகம் மழித்திருந்தான். நகக்கண்ணில் இருக்கும் கறுப்பை என்ன போட்டுத் தேய்த்தானோ, விரல்நுனி எல்லாம் சிவந்து கிடந்தது. கூடத்தில் இருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நான் சட்டியை வைத்து, அடியில் மெழுகுத்திரி ஏற்றினேன்.

அவள்தான் முதலில் பேசினாள். கொர்ராடோவின் மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது. வேலையிலிருந்து நிற்பதாக மருந்துக் கடையில் சொல்லிவிட்டாள். பனிக்காலம் முடிவதற்குள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறாள்.

அவன் கையிலிருந்த முட்டைக்கோசுத் துண்டு சட்டியிலேயே நின்றது.

"எப்ப திரும்புவ?"

"தெரியல. பிள்ளைய யாராச்சும் பார்த்துக்கணும்ல. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க."

"அங்க திராட்ச அறுப்பு எப்ப?"

"பிப்ரவரி, மார்ச்சாம்."

"தலகீழ் ஊரு," என்றான். "உன் கோசு கருகுது பாரு," என்றாள் அவள். பிறகு இருவரும் தின்றார்கள். சட்டி காலியாகும் வரை தின்றார்கள். கடைசியில் அவன் ரொட்டித் துண்டால் அடியை வழித்து, பாதி பிய்த்து அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

நானும் வரட்டுமா என்ற கேள்வி அன்றைக்கு நாக்கு நுனி வரை வந்து நின்றது என்று பிறகொரு நாள் அவன் என்னிடம் சொன்னான். காபி ஆறும் வரை அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று அவளும் சொன்னாள். இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான். யாரிடம் போய் என்ன சொல்ல?

கிளம்பும்போது மிரெல்லா, "இந்தக் கடை இனி உனக்குத்தான். நான் இல்லாதப்ப பட்டினி கிடக்காத," என்றாள் அவனிடம்.

மிலானோ விமான நிலையத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது அவன்தான், பழுதான கார்களைக் கட்டி இழுக்கிற அந்தப் பழைய லாரியில். போய்ச் சேர்ந்ததும் அவள் எனக்குப் போன் செய்தாள்.

"பியெரா, அந்த ஆளு வழி முழுக்க வாய மூடலடி. பிருனோ கதை, யாரோ தோட்டக்காரன் டிராக்டரோட ஓடையில விழுந்த கதை, சின்ன வயசுல கொர்ராடோ பட்டறையில தூங்கிப் போன கதை. எனக்குச் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு. இத்தன வருஷம் எங்கடி வச்சிருந்தான் இத்தன பேச்ச?"

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிவில் குரலை இறக்கி, "இன்னைக்கு என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டாள்.

எவாசியோ தினமும் எங்களிடம் சாப்பிட வந்தான். சன்னலோர மேசையில் உட்காரவில்லை. அடுப்படிக் கதவை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்தான்; தெரேசியோவோடு கதவு வழியே வம்பளந்துகொண்டே சாப்பிடுவான். பேத்தி பிறந்த செய்தி வந்தபோது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்தான். ஞாயிறு காலையில் மிரெல்லா அவனுக்குப் போன் செய்வாள், அங்கே அப்போது சாயங்காலம். "நீயும் கிளம்பிப் போயேன், அங்க டிராக்டர் இல்லையா?" என்று யாராவது கேட்டால், "ஆகாயத்துல இத்தன நேரம் தொங்கிட்டுப் போறதா? நடுவுல நின்னுபோனா யாரு இறங்கி ரிப்பேர் பண்றது?" என்பான். கேலியாகச் சொல்வதாக எல்லோரும் நினைத்தார்கள். அவனுக்கு நிஜமாகவே பயம். அந்தப் பயத்தை அவனே வெறுத்தான். மேலே விமானம் போகும் சத்தம் கேட்டால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

ஓர் அறுவடை போயிற்று. அடுத்தது முடிந்ததும் மிரெல்லா வந்தாள். வேலை முடிந்து பழத்தோல் வாடை ஊரெல்லாம் நிற்கும் சமயம். சில வாரம்தான் இருப்பாள். பிள்ளை அங்கே தேடும்.

வந்த மறுநாள் மத்தியானம் இருவரும் சேர்ந்து கடைக்குள் நுழைந்தார்கள். அவள் வெயிலில் கறுத்து, தலைமுடி குட்டையாக வெட்டியிருந்தாள். அவன் நாற்காலியை இழுத்து விட்டான். ரொட்டியும் தண்ணீரும் வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்க நின்றேன். யாரும் நிமிரவில்லை. பேத்தி எப்படி நடக்கிறாள் என்று அவள் இரண்டு விரலை மேசைமேல் தத்தித் தத்தி நடத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் அந்த விரல்களையே பார்த்து, "அப்புறம்? அப்புறம் என்ன பண்ணுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போகும் தேதி இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அடுப்படியிலிருந்து தெரேசியோ கத்தினார். "பியெரா! அவங்களுக்கு என்னதான் வேணுமாம்? தண்ணி கொதிச்சு வத்துது!"

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க," என்றேன். "பேசிட்டிருக்காங்க."