பன்னிரண்டாம் சேனல்

பேட்டரியின் பித்தளை முனைகளை மருமகள் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் பொடி ஸ்க்ரூடிரைவர் ஒன்று எப்போதும் கைப்பையில் கிடக்கும். ரேடியோ ஸ்கேனரின் பின்மூடியைத் திறக்க அது உதவியது. கட்டிலில் படுத்தபடி மாமியார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது.

"பச்சை படிஞ்சிருக்கா?"

"லேசா இருக்கு அத்தை."

"நல்லாத் தேய். அழுக்கு இருந்தா சார்ஜ் வீணாப் போகும்."

முந்தின நாள் மாலை அடித்த காற்றில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. போனிலும் சிக்னல் இல்லை. வந்து பார்த்த டாக்டர் வாசலில் நின்று, "இன்னிக்கோ நாளைக்கோ" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகனோ கடலில் இருந்தான். அவன் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கும் இழுவைப் படகு ஓட்டுபவன். எஞ்சின் நின்றுபோன சரக்குக் கப்பல் ஒன்று பாறைப் பக்கம் ஒதுங்குகிறது என்று காலையில் ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். கட்டிலருகே வந்து தயங்கி நின்றவனை அம்மாதான் விரட்டினாள். "போடா. நான் எங்கேயும் ஓடிடப் போறதில்ல."

இனி அவனைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இந்த ஸ்கேனர் ஒன்றுதான் வழி. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. துறைமுகத்தில் யார் ரேடியோவில் பேசினாலும் பிடித்துத் தரும். கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது. மாமியார் முப்பது வருடம் துறைமுகக் கன்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவள். படகுக்காரர்களுக்கு அவள் மைக்கம்மா. எந்தக் காற்றிலும் அவள் குரல் ஏறியதில்லை. "நம்ம குரல் நடுங்கினா, அங்க சுக்கான் பிடிச்சிருக்கிறவன் கை நடுங்கும்" என்பாள். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பெட்டி வீட்டில் நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்ததில் மாமியாருக்கும் மருமகளுக்கும் எத்தனையோ முறை முட்டிக்கொண்டது. "இது வீடா, படகுத்துறையா?" என்று மருமகள் ஒருநாள் கேட்டே விட்டாள். மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அதை நினைத்து மருமகள் இப்போது இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மூடியைப் பூட்டிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் சார்ஜ் காட்டும் இரண்டு கோடு தெரிந்தது.

"ரெண்டு கோடு போதும்," என்றாள் மாமியார். "திரை விளக்கை அணைச்சிடு. எல்லாச் சேனலையும் தேட விடாதே, அது தேடித் தேடியே செத்துப்போகும். பன்னிரண்டுல நிறுத்து, அதுதான் துறைமுகச் சேனல். யாரும் பேசாதப்ப இரையுது பாரு, அந்தத் திருகைக் கொஞ்சம் ஏத்தி இரைச்சலை வெட்டு. ஸ்பீக்கர் வேண்டாம், அதுதான் சார்ஜை உறிஞ்சும். இயர்போனை மாட்டு."

இயர்போனில் ஒரு காது மட்டும்தான் வேலை செய்தது. மருமகள் அதை மாமியாரின் காதில் செருகினாள். பேட்டரிக்குக் குளிர் ஆகாது என்று மாமியார் பெட்டியைப் போர்வைக்குள் வாங்கி, கோழி முட்டையை அணைப்பதுபோல வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மருமகளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த முகம் மட்டும்தான்.

"என்ன அத்தை சொல்றாங்க?"

"கிளம்பிட்டான். அலை பெருசா இருக்காம்."

ஒன்பதரை வாக்கில் மாமியாரின் புருவம் சுருங்கியது. மருமகள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன?"

"கயிறு மாட்டிட்டானாம்," என்றாள் மாமியார், கண்ணைத் திறக்காமல்.

"நான் ஒரு தடவை கேட்கட்டுமா? குரலை மட்டும் கேட்டுட்டுத் தந்துடறேன்."

"கழட்டாதே. இதுல வயர் லூசு. அசைஞ்சா அப்படியே அணைஞ்சிடும். நான்தான் சொல்றேன்ல."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. மருமகள் ஈரத்துணியால் மாமியாரின் உதடுகளை நனைத்தாள், காலைத் தேய்த்துவிட்டாள். அவள் கேட்காமலேயே இப்போது தகவல் வந்தது. கப்பல் திரும்புகிறதாம். மெதுவாக இழுக்கிறானாம். "டீ குடிக்கிறானாம். எஞ்சின்காரன் போட்ட டீயாம். கப்பலுக்கு ஊத்துற எண்ணெயே தேவலைங்கறான்."

மருமகள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. மாமியார் அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்ததில், வெளியே தெரிந்த மாமியாரின் மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது.

பதினொன்றரை இருக்கும். மாமியார் சட்டென்று மருமகளின் கையைப் பற்றினாள். கடைவாயோரம் துடித்தது. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"அத்தை? என்ன ஆச்சு? சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா." மூச்சு வாங்கினாள். "பசிக்குது."

மூன்று நாளாக எதையும் கேட்காதவள். மருமகள் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சியைக் கட்டி தட்டாமல் கிண்டி, உப்புப் பார்த்து, கோப்பையில் ஊற்றி, ஊதி ஊதி எடுத்து வந்தாள்.

மாமியாரின் கை போர்வைக்கு வெளியே விரல் விரிந்து கிடந்தது.

கோப்பையை மேசைமேல் வைத்தாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற உறவில்லை என்பதால் "அத்தை" என்றே மூன்று முறை கூப்பிட்டாள். பிறகு இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள். யாரோ ஒருவன் காற்றின் வேகத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு கோடு இருந்தது. பெட்டியை அணைத்தாள்.

ஒரு மணிக்கு மேல் அவன் வந்தான். ஆரஞ்சு மேல்சட்டையில் உப்பு பூத்திருந்தது. கதவருகில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். அம்மாவின் பாதத்தில் நெற்றியை வைத்து நெடுநேரம் இருந்தான். மருமகள் துண்டை எடுத்து வந்து அவன் தலையைத் துவட்டினாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா? அந்த டீ ஒண்ணுதானா?"

"எந்த டீ?"

"எஞ்சின்காரர் போட்டது. ரேடியோவுல சொன்னீங்களாமே."

"ரேடியோவா?" அவன் தலையைத் தூக்கினான். "ஒன்பதரைக்கே ஆன்டெனா முறிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை. கன்ட்ரோல்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்காங்க. படகு போச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்களாம். பதினொன்றரைக்குக் கப்பலுக்கு வழிகாட்டுற பைலட் படகுக்காரன் வந்து பார்த்துட்டுத்தான், எல்லாரும் உசுரோட இருக்காங்கன்னு ரேடியோவுல சொன்னான்."

ஒன்பதரை. பதினொன்றரை. துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி துவட்டினாள்.

"அம்மா கேட்டுட்டு இருந்தாங்களா?" என்றான் அவன். "ரொம்பப் பயந்துட்டாங்களா?"

"இல்ல. என்னைச் சிரிக்க வச்சாங்க."

அவன் தலையாட்டினான். "கடைசியா எதுவும் சொன்னாங்களா?"

"பசிக்குதுன்னாங்க."

மேசைமேல் கஞ்சி ஆறி ஆடை படிந்திருந்தது. அவள் ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் கோப்பையை அவனிடம் கொடுத்தாள். அவன் பாதி குடித்தான். மீதியை அவளிடம் நீட்டினான்.