கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

விட்லோ ஸ்டாம்பர் எழுதிய மனு முப்பத்தோரு பக்கம். அதில் சரக்கு ஒரே வரிதான்: நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு எதிர்த்தரப்பு கெடுவுக்குள் பதில் தரவில்லை, ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். மற்றதெல்லாம் பந்தா. 'மாண்பமை நீதிமன்றத்தின் பொன்னான நேரம்' ஒன்பது இடங்களில் வந்தது. அந்தப் பொன்னான நேரத்தை அதிகம் தின்றவர் அவரேதான் என்பது அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து அந்த மலை மாவட்டம் முழுவதற்கும் தெரியும்.

வழக்கு எளியது. கல்குவாரியில் வைத்த வெடியில் டெல்பியா கோம்ஸ் என்ற விதவையின் கிணறு கலங்கிப் பாழாயிற்று. ஒன்றரை வருடமாகத் தேவாலயக் குழாயிலிருந்து கேன்களில் தண்ணீர் சுமக்கிறாள். குவாரிக்கு ஸ்டாம்பர் வக்கீல். அவளுக்கு எம்மெட் ப்ரூயிட். ப்ரூயிட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன் காலைகளில் டயாலிசிஸ். பதில் தாமதமானதும் அதனால்தான். மனு ஜெயித்தால் அவள் கிணற்றுக்கு நியாயம் கேட்க வேறு வாசல் கிடையாது.

அந்த நீதிமன்றத்தில் ஒரு விதி உண்டு. 'எதிர்த்தரப்பு வக்கீலோடு பேசித் தீர்க்க நல்ல மனத்தோடு முயன்றேன்' என்று மனுவின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். அது இல்லாத மனுவை நீதிபதி கேட்கவே மாட்டார்.

"வியாழக்கெழம பத்து மணிக்குப் போன் போடு, லோர்னா. மூணு தடவ போடு," என்றார் ஸ்டாம்பர். லோர்னா க்ரீச் அவரிடம் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் வக்கீல்.

"சார், அந்த நேரத்துல அவரு மெஷின்ல இருப்பாரே?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன டாக்டரா?" அவர் தட்டிலிருந்த வெள்ளைக் குழம்பில், பிஸ்கட் என்று அந்த ஊரில் சொல்லும் மெத்து ரொட்டியைத் தோய்த்தார். "முயற்சி பண்ணோமா இல்லையா? கையெழுத்தப் போடும்மா."

மூன்று முறை அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஸ்டாம்பரை மனத்துக்குள் இகழ்ந்தபடியே கையெழுத்திட்டாள். இகழ்வதற்குச் செலவில்லை, அன்றைக்கு அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, மனுக்களைக் கேட்கும் நேரம். பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. ப்ரூயிட் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"உக்காரும்மா. அன்னிக்கு நீ மூணு தடவ கூப்பிட்டும் நான் எடுக்கல. கையில ஊசி, போன் எட்டல. சாயந்திரம் திருப்பிக் கூப்பிட்டேன், உங்க ஆபீஸ்ல யாரும் இல்ல. தப்பு என்னுதுதாம்மா, மனசுல வச்சுக்காத."

லோர்னா உட்கார்ந்தாள். ஒரு வாரமாக ஸ்டாம்பர் மேல் வைத்திருந்த இகழ்ச்சி மொத்தமும் திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது.

ஸ்டாம்பர் இருபது நிமிடம் பேசினார். நீதிபதி ஹார்ஜிஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பத்தோரு பக்கத்தையும் படிச்சேன், ஸ்டாம்பர். படிச்சதுக்கு எனக்கு யாராச்சும் காபி வாங்கித் தரணும்." சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "கடைசிப் பக்கத்துல நேரம் போடலையே. எப்பக் கூப்பிட்டீங்க?"

"வேலை நேரத்துலதான், யுவர் ஆனர்."

லோர்னா எழுந்தாள். "நான்தான் கூப்பிட்டேன், யுவர் ஆனர். அவரு டயாலிசிஸ்ல இருப்பாருன்னு தெரிஞ்சே கூப்பிட்டேன். நல்ல மனசெல்லாம் ஒண்ணும் இல்ல. என் கையெழுத்த வாபஸ் வாங்கிக்கறேன்."

"உக்காருடி!" என்று ஸ்டாம்பர் பல்லைக் கடித்தார். அது கடைசி பெஞ்சு வரை கேட்டது.

செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் நீதிபதி அவரைப் பார்த்தார். "கையெழுத்து இல்லாத மனுவ நான் கேக்கறதில்ல. எடுத்துட்டுப் போங்க. ப்ரூயிட், பதில் குடுக்க மூணு வாரம். க்ரீச், நீங்க பண்ணதும் சின்னத் தப்பு இல்ல. அத நாம தனியாப் பேசுவோம்."

"பேசலாம், யுவர் ஆனர்," என்றாள் லோர்னா.

ஸ்டாம்பர் தாள்களைப் பைக்குள் திணித்தார். "திங்கக்கெழமலேர்ந்து வராத. பொழைக்கத் தெரியாத ஜென்மம்."

"சரி, சார்."

பின்வரிசையில் டெல்பியா, ப்ரூயிட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னய்யா, ஜெயிச்சுட்டமா?"

"இல்லக்கா. வழக்கு இன்னும் உயிரோட இருக்கு, அவ்வளவுதான்."

"இத்தன கோட்டுப் போட்டவங்க, இத்தன காயிதம்... இதுக்குத்தானா?"