உள்பக்கப் பிறை

உத்தரம் நான்கு தூண்களின் தலையிலும் ஒருசேர உட்கார்ந்தபோது மைதானத்தில் எழுந்த கூச்சலுக்கு எல்ம் மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்து போயின. இருபத்து மூன்று அடி நீளம், இன்னும் காயாத பச்சை ஓக் மரம். பத்து கிரிக்கெட்காரர்கள் தோள் கொடுத்துத் தூக்கியது. இறக்கி வைத்த கையோடு பத்துப் பேரும் முதுகைப் பிடித்துக்கொண்டு தேநீர் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள்.

மெரியல் ப்ரீஸ் மட்டும் நகரவில்லை. பதினேழு வயது அவளுக்கு. காலையிலிருந்து ஒரு வாய் ரொட்டிகூட உள்ளே இறங்கவில்லை.

அந்த ஊர் கிரிக்கெட் கிளப்பின் வராந்தாக் கூரை போன குளிர்காலப் புயலில் பறந்துபோய்ப் பக்கத்து ஆட்டுப் பட்டியில் விழுந்தது. தகரம்தானே, போனால் போகட்டும், இனிமேல் ஓக்கில்தான் போட வேண்டும் என்று கிளப் தலைவி மிஸஸ் பஃப்டன் பிடிவாதமாக இருந்தாள். வேலையை எடுத்தவன் மெரியலின் அண்ணன் ஜோஸ். எடுத்த மூன்றாம் வாரம் தொழுவத்து ஓட்டிலிருந்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். வேறு பட்டறைக்குக் கைமாற்றிவிடலாம் என்று அவன் சொன்னபோது, "எதுக்கு? நான் வெட்டுறேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வெட்டினாள். இரண்டு மாதம், உளியும் கொட்டாப்புளியுமாக, ஓக்கின் கறை ஏறி விரல்கள் நீலக் கறுப்பாகிப் போகும்வரை.

அந்த வேலைதான் இப்போது எல்லார் கண்ணெதிரிலும் எழுந்து நின்றது. பலகை அடித்து மூடப் போவதில்லை, சுண்ணாம்பு பூசப் போவதில்லை. ஒவ்வொரு மூட்டும் வெளியே தெரியும்.

இனி மர ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அடிக்கும் முன் எல்லாத் துளைக்குள்ளும் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஏணியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் தூணில், சாய்காலின் கீழ் மூட்டில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிறை தப்பான பக்கத்தில் இருந்தது.

சாய்கால் என்பது தூணையும் உத்தரத்தையும் கோணலாக இணைக்கும் வளைந்த கட்டை. அதன் நுனியில் செதுக்கிய நாக்கு தூணின் குழிக்குள் போகும், நாக்கின் அடியில் இருக்கும் தோள் என்கிற விளிம்பு தூணோடு ஒட்டி நிற்கும். தூணில் போட்ட துளையும் நாக்கில் போட்ட துளையும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. நாக்கின் துளை ஒரு நெல்லளவு தோள் பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆணி இறங்க இறங்க நாக்கை உள்ளே இழுத்துப் பூட்டும். துளைக்குள் எட்டிப் பார்த்தால் நாக்கின் மரம் மெல்லிய பிறைபோல் தெரியும். அந்தப் பிறை தூணின் உள்பக்கமாகத் தெரிந்தால் சரி. தோள் பக்கமாகத் தெரிந்தால் ஆணி இழுக்காது, நாக்கை வெளியே தள்ளும்.

இன்னொரு முறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பிறை இடம் மாறவில்லை.

எப்போது நடந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கடைசிச் சாய்கால், வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆஸ்பத்திரியிலிருந்து ஜோஸ் போன் பண்ணி, எலும்பு சரியாகச் சேரவில்லை, மறுபடி உடைத்துக் கட்டப் போகிறார்கள் என்றான். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டுதான் அந்தத் துளைக்கு அடையாளம் வைத்தாள். இந்தப் பக்கம் ஒரு நெல்லளவு தள்ளுவதற்குப் பதில் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறாள்.

"என்ன ஆசாரியம்மா, துளைக்குள்ள எலி கிலி இருக்கா?"

க்ளெம் கஃப். கிளப்பின் வேகப்பந்து வீச்சாளன். கதவு அகலத்துக்கு உடம்பு, அதைவிட அகலமான வாய். ஒரு கையில் சைடர் கிளாஸ், மறு கையில் பன்றிக்கறி வைத்த பன்.

"ஒண்ணுமில்ல க்ளெம். நீங்க சாப்பிடுங்க."

"சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். இனிமே என்னைத் தூக்கக் கூப்பிடாத. ஒரு பன்னுக்கு ஒரு தூக்குதான், சொல்லிட்டேன்."

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். மெரியலும் சிரித்து வைத்தாள்.

இடுப்புப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தாள். கத்தியை எடுத்தாள். ஆணியைக் கொஞ்சம் மெலிதாகச் சீவினால் போதும், இழுக்கவும் செய்யாது தள்ளவும் செய்யாது, சும்மா நுழைந்து நிற்கும். வெளியே தெரியும் தலை மற்ற ஆணிகளைப் போலவே இருக்கும். யாருக்கும் தெரியாது. ஜோஸுக்கே தெரியாது. இரண்டு சீவல் சீவினாள். சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது.

இன்றைக்குத் தெரியாது, சரி. பச்சை ஓக் காயும்போது சுருங்கும். ஆணி பிடித்து இழுக்காத தோள் இரண்டு கோடையில் தூணை விட்டு விலகும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். அதுவும் எங்கே? பேட்டிங்குக்காகக் காலில் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் மூக்குக்கு நேரே. அவனுக்கு வேறு என்ன வேலை? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவன் விரலை விட்டுப் பார்த்து, "இதை யாருப்பா வெட்டினது?" என்று கேட்பான். இன்னொருவன் பேரைச் சொல்வான்.

கத்தியை மடக்கினாள்.

ஜோஸ் ஏணிக்குக் கீழே நின்றான். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு கட்டித் தொங்கவிட்டு, இடது கையில் கொட்டாப்புளியைத் தூக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

"அடிக்கலியா மெரியல்? எல்லாரும் பாக்குறாங்க."

அவள் இரண்டு படி இறங்கி அவன் காதருகே குனிந்தாள். "ஜோஸ், சத்தம் போடாத. மூணாம் தூண்ல கீழ் மூட்டு. துளையை மாத்திப் போட்டுட்டேன்."

"மாத்தின்னா?"

"பிறை தோள் பக்கம் இருக்கு."

அவன் முகம் வெளிறியது. ஏணியில் ஏறாமலேயே அந்த மூட்டைப் பார்த்தான், பிறகு உத்தரத்தைப் பார்த்தான், பிறகு தேநீர் மேசையைப் பார்த்தான்.

"நாக்குல ஒரு ஆப்பை அடிச்சு அடைச்சுட்டு, ராத்திரி வந்து…"

"அடைக்கணும்னாலும் வெளிய எடுத்தாகணும். உத்தரம் மேல ஏறாம சாய்கால் வெளிய வராது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா வாய்ல வந்துச்சு." கொட்டாப்புளியை இறக்கினான். "சரி, என் தப்புன்னு சொல்லிடு. படம் போட்டது நான்தானே. நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. கை ஒடிஞ்சவனை யாரும் திட்ட மாட்டாங்க."

"படத்துல துளையே கிடையாது ஜோஸ்."

"அது க்ளெமுக்குத் தெரியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணாம். நான் வெட்டினேன், நானே சொல்றேன். நீ வண்டியில மீதி இருக்கிற அந்த வளைஞ்ச கட்டையை இறக்கச் சொல்லு."

இறங்கி நேரே தேநீர் மேசைக்குப் போனாள். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ஒரு சாய்கால்ல தப்புப் பண்ணிட்டேன். நான்தான் பண்ணேன். அதை மாத்தணும். உத்தரத்தை மறுபடி தூக்கி இறக்கி வைக்கணும். ரெண்டு மணி நேரத்துல புதுசு வெட்டித் தர்றேன், அப்புறம் திரும்பவும் ஏத்தணும்."

எல்லாத் தலைகளும் உத்தரத்தின் பக்கம் திரும்பின.

"நிக்குதே," என்றான் க்ளெம். "நல்லாத்தானே நிக்குது?"

"இன்னைக்கு நிக்கும்."

"அப்ப அடுத்த சனிக்கிழமை மேட்ச்?"

"அதுக்கும் நிக்கும். ரெண்டு வருஷத்துல வாய் பிளக்கும்."

"ரெண்டு வருஷத்துல நானே வாய் பிளந்துடுவேன் போலிருக்கு," என்று பன்னைத் தட்டில் வைத்தான் க்ளெம். "ஏம்மா, ஒரு பன்னுக்கு ஒரு தூக்குன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"அவனுக்கு இன்னும் ரெண்டு பன் வையுங்க," என்றாள் மிஸஸ் பஃப்டன் யாரையும் பார்க்காமல். "மேலே ஏறுறதுக்கு ஒண்ணு, கீழே இறங்குறதுக்கு ஒண்ணு. பொண்ணு தானா வந்து சொல்லுது. நீ போன வருஷம் நோ பால் போட்டதை இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல."

அந்தச் சிரிப்பில் பத்துப் பேரும் எழுந்தார்கள்.

உத்தரம் இறங்கியது. சாய்காலை உருவித் தாங்குகட்டைகள்மேல் கிடத்தினாள். பக்கத்திலேயே புதுக் கட்டை. பழையதை அதன்மேல் வைத்துத் தோள்களுக்குக் கோடு இழுத்தாள். ரம்பத்தைக் கையில் எடுத்தாள். கைக்கு வேலை தெரிந்திருந்தது. இரண்டு மாதம் இதைத்தானே செய்தது.

ஊர்க்காரர்கள் முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். நாக்கின் கன்னங்களை அவள் உளியால் சீவியபோது பச்சை மரம் ஈரமாகச் சுருண்டு விழுந்தது, புளித்த வாசனை வந்தது. கட்டை அசையாமல் இருக்கத் தானாகவே அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டான் க்ளெம்.

நாக்கைத் தூணின் குழிக்குள் செலுத்தித் தோளைத் தட்டி ஒட்ட வைத்தாள். தூணின் துளை வழியே, துளைபோடும் தமரின் நுனியால் ஒரு புள்ளி குத்தினாள். மறுபடி உருவினாள். புள்ளியிலிருந்து ஒரு நெல்லளவு தள்ளிக் கோடு போட வேண்டும். பென்சில் அந்தரத்தில் நின்றது.

"தோள் பக்கம்," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"தோள் பக்கம்," என்றான் ஜோஸ்.

"எந்தத் தோளு?" என்று தன் தோளைத் தொட்டுப் பார்த்தான் க்ளெம்.

"கட்டையோட தோளு. இதோ, இது."

"அப்ப இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம்தான்."

கோடு போட்டாள். தமரை வைத்து முறுக்கினாள். சுற்றி நின்ற அத்தனை பேரும், எதற்கென்றே தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சொன்ன இரண்டு மணி நேரத்தில் பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

இந்த முறை தூக்கும்போது எண்ணிக்கை சொன்னது மெரியல். காலையில் ஜோஸ்தான் சொன்னான். இப்போது அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு! இடது பக்கம் நில்லுங்க. க்ளெம், அவசரப்படாதீங்க, உங்க பக்கம்தான் உசரமா இருக்கு. இறக்கு… மெதுவா… இறக்கு!" ஆறு சாய்காலின் நாக்கும் நான்கு தூணின் நாக்கும் உத்தரத்தின் குழிகளைத் தேடிப் பிடித்து இறங்கின. ஏணியில் ஏறிப் பார்த்தாள். பிறை உள்பக்கம் இருந்தது. போதவில்லை. மற்ற பதினைந்து துளையையும் பார்த்தாள். எல்லாம் உள்பக்கம்.

முதல் ஆணியை மூன்றாம் தூணின் கீழ் மூட்டில்தான் வைத்தாள். கொட்டாப்புளி முதல் அடியில் மந்தமாக ஒலித்தது. நான்காம் அடியில் சத்தம் கெட்டியானது. ஏழாம் அடியில் தூண் முழுக்க மணிபோல் அதிர்ந்தது. தோள் தூணைக் கவ்வியது. கவ்விய இடத்தில் பச்சை மரத்தின் தண்ணீர் பிதுங்கி, ஒரு கோடாக இறங்கித் தூணில் வழிந்தது.

ஜோஸ் இடது கையால் பேனாக்கத்தியைத் திறந்து, மூட்டில் அதன் நுனியைச் செருகப் பார்த்தான். போகவில்லை. வேறொரு இடத்தில் முயன்றான். அங்கும் போகவில்லை. கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"என் மூட்டு ஒண்ணுகூட இப்படிக் கவ்வினதில்ல."

"பொய் சொல்லாத."

"சத்தியமா." பிறகு பின்னால் திரும்பி, அவசியமே இல்லாமல் உரக்க, ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "மொத்தமும் இவ வெட்டினது. நான் படம் மட்டும்தான் போட்டேன். கேட்டுக்குங்க!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றான் க்ளெம் பன்னை மென்றுகொண்டே. "ஆசாரியம்மா, அடுத்து என்ன?"

காலையில் சொன்ன அதே 'ஆசாரியம்மா'தான். ஆனால் இப்போது அதில் கிண்டல் இல்லை. அவன் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தான். அவன் பின்னால் இன்னும் ஒன்பது பேர், கையைத் துடைத்துக்கொண்டு, அவளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

மெரியல் அடுத்த ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியை இரண்டாம் தூணுக்கு நகர்த்தினாள். மேலே ஏறி ஆணியைக் கையில் எடுத்தபோது அவளுக்குத் திடீரென்று அகோரமாகப் பசித்தது.

"அடுத்து கூரைக் கைமரம். வண்டியிலேர்ந்து பதினாறையும் இறக்கி, நம்பர் வரிசையில அடுக்குங்க. க்ளெம், உத்தரத்துக்குக் கீழ நிக்காதீங்க, எத்தனை தடவை சொல்றது? மிஸஸ் பஃப்டன், எனக்கு ஒரு பன் மிச்சம் இருக்கா?"

"மூணு எடுத்து வெச்சிருக்கேன்," என்றாள் அவள்.

மெரியல் கொட்டாப்புளியை ஓங்கினாள்.