எட்டரை அடிப் பலகை

பலகையின் மேல் இரண்டு காலையும் ஊன்றி அவர் நிமிர்ந்து நின்றது மிஞ்சிப்போனால் மூன்று நொடி இருக்கும். நாலாவது நொடியில் பலகை இடப்பக்கம் சாய்ந்தது, அவர் வலப்பக்கம் சாய்ந்தார். துடுப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இடுப்பளவு தண்ணீர்தான். மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரைச் சிந்திவிட்டு எழுந்தவர் உடனே கரையைப் பார்த்தார். உடை மாற்றும் அறையின் வெள்ளைச் சுவர், அதன் நடுவில் நீலக் கதவு. சுவர் அசையவில்லை. கதவும் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் விழுந்தது பலகையால்தான், தலையால் இல்லை. அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினார்.

"மாமா, அது உங்களக் கீழ இறக்கி விடணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு வந்திருக்கு" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி. பத்தடி தள்ளி, தன் பெரிய பலகையில், பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி சாவகாசமாக நின்றுகொண்டிருந்தான்.

நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் இந்தக் கடற்கரைக்கு வருகிறார்கள். பலகையில் நின்றபடியே துடுப்புப் போட்டு, அலை உடையும் இடத்துக்கு வெளியே போய்க் காத்திருப்பார்கள். நல்ல அலையாக ஒன்று எழுந்து வந்தால் நாலு இழுப்பு இழுத்து அதன் முதுகில் ஏறிக் கரைவரை சறுக்கி வருவார்கள். இத்தனை நாளும் இருவரிடமும் இருந்தது பதினோரு அடிப் பலகை. அதில் நின்றபடி தலை வாரிக்கொள்ளலாம், சட்டைப் பொத்தான் போடலாம். அவர் மனைவி அதற்குக் கட்டில் என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது அவர் மாறியிருப்பது எட்டரை அடிக்கு. அகலமும் ஒரு கையகலம் குறைவு. ஆள் ஏறி நின்றால் பாதி அமிழ்ந்து, கணுக்கால்வரை தண்ணீர் ஏறும். துடுப்பு தண்ணீரில் ஊன்றி இருக்கும்வரை நிற்கும். யோசிப்பதற்காகத் துடுப்பை ஒரு நொடி தூக்கினால் போதும், கவிழ்த்துவிடும். ஆனால் அலையில் ஏறிவிட்டால் கட்டிலால் ஒரு நாளும் முடியாததைச் செய்யும். பின்காலை அழுத்தினால் அந்த இடத்திலேயே திரும்பும்.

"கட்டிலக் குடுத்துட்டு ஸ்டூல் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி, அன்று அதை அவர் வீட்டுக்குள் தூக்கி வந்தபோது. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. எதையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாள். "நாப்பத்தொம்பது வயசுல வயிறு பெருசாகுது, பலகை சின்னதாகுது. என்ன ஞாயம் இது?"

"நாலு வருசம் ஆச்சுல்ல. எல்லாரும் அடுத்ததுக்குப் போறாங்க" என்றார் அவர்.

எல்லோரும் அதை நம்பினார்கள். நம்பக்கூடியதாகத்தான் இருந்தது.

நடந்தது வேறு. அவருக்கு வேலை கட்டட வேலையிடத்தில், அறுபது மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினுக்குள். இருபத்திரண்டு வருட வேலை. கீழே நின்று வாக்கிடாக்கியில் 'தூக்குங்க, இறக்குங்க, நிறுத்துங்க' சொல்வது அதே மச்சினன். இருவருக்கும் பேச்சே தேவைப்படாது. அவன் மூச்சு விடும் விதத்திலேயே லோடு எவ்வளவு இறங்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கட்டு இரும்புக் கம்பியை நாலாவது மாடி உயரத்தில் கொண்டுபோய்க்கொண்டிருந்தபோது, கம்பிவடத்தைப் பார்க்கத் தலையைச் சட்டென்று அண்ணாந்தார். கேபின் சுழன்றது. கண்ணாடி, வானம், கைப்பிடி, அவர் முழங்கால், எல்லாம் ஒரு பக்கமாக ஓடின. கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். விட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும், அந்தப் புத்தி மட்டும் எங்கிருந்தோ வந்தது. பத்து நொடி. பதினைந்தாகவும் இருக்கலாம். கம்பிக்கட்டு நடுவானில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

"மாமா? ஏன் நிறுத்திட்டீங்க?"

"கண்ணுல தூசு" என்றார்.

அந்த இரண்டு வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் பிறகு அவரை அரித்தது. மருத்துவரிடம் போகவில்லை. போனால் அவர் எழுதுவார். எழுதியது அலுவலகத்துக்குப் போகும். இதயக் கோளாறு என்று இறக்கப்பட்ட இன்னொரு கிரேன்காரர் இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து தலைக்கவசமும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிறார். எல்லோரும் அவரை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். அந்த மரியாதையைப் பார்த்ததிலிருந்து, கையுறை கிழிந்தாலும் இவர் ஸ்டோர் பக்கம் போவதில்லை.

ஐந்து ஞாயிறு தள்ளி வரும் திங்கட்கிழமை வருடாந்தர உடல்தகுதிப் படிவம் கொடுத்தாக வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் தலைச்சுற்றல், மயக்கம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். இல்லை என்று குறிக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் சின்னப் பலகை. அதில் நிற்க முடிந்தால் தலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முட்டாள்தனமான சோதனை என்று மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த மூலையிடம் அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

முதல் ஞாயிறு முப்பத்தொரு முறை விழுந்தார். இரண்டாவது ஞாயிறு இருபத்திரண்டு. வாரம் முழுக்க அந்த எண்ணிக்கை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கிரேன் ஏணியில் ஏறும்போது படிக்குப் படி, இருபத்திரண்டு, இருபத்திரண்டு. கேபினில் தலையைத் தனியாகத் திருப்புவதை விட்டுவிட்டார். குடத்தைத் தலையில் வைத்தவர் மாதிரி தோளோடு சேர்த்தே திரும்பினார். ஒரு காலை படுக்கையிலிருந்து எழும்போது அறை சுழன்றதிலிருந்து, வீட்டில் இரண்டு தலையணை வைத்து, இடப்பக்கமே படுத்தார்.

"கழுத்துல என்னங்க?" என்றாள் மனைவி.

"சுளுக்கு."

"எத்தன வாரச் சுளுக்கு இது?" அவள் கண்ணைச் சுருக்கினாள். அவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தார். குனிந்ததும் பயந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள் என்று நினைத்தார்.

மூன்றாவது ஞாயிறு காற்று. கடல் முழுக்கச் சின்னச் சின்னக் கொந்தளிப்பு. நாற்பதுக்கு மேல் விழுந்து எண்ணுவதையே நிறுத்தினார். கரையில் உட்கார்ந்திருந்தபோது மச்சினன், "குடுங்க பாப்போம்" என்று பலகையை வாங்கிக்கொண்டு போனான். அவன் இவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், கெட்டியான கால்கள். கால்மணி நேரத்தில் பதினாலு முறை விழுந்தான். "இது மனுசன் நிக்கிறதுக்குச் செஞ்சதே இல்ல மாமா" என்று மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. நல்ல தலை உள்ளவனும் விழுகிறான் என்றால் இந்தச் சோதனை எதைச் சோதிக்கிறது? அந்தக் கேள்வியைத் தலை துவட்டும் துண்டோடு சேர்த்துப் பைக்குள் போட்டு மூடினார்.

நாலாவது ஞாயிறு ஒன்பது. ஒன்பதே ஒன்பது முறை. கால்களுக்கு எப்படியோ பிடிபட்டுவிட்டது. ஒரு காலை அரையடி பின்னால் வைத்து, முழங்காலைத் தளர்த்தி, துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், நகர்ந்துகொண்டே இருப்பது.

ஐந்தாவது ஞாயிறு கடல் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது. இடைவெளி விட்டு, நிதானமாக, மார்பளவு அலைகள். ஒரு முறைகூட விழாமல் வெளியே போய்விட்டார். முதல் நல்ல அலை வந்தபோது, பெரிய பலகையாக இருந்தால் எப்போதோ இழுக்கத் தொடங்கியிருப்பார். இதில் அலை பக்கத்தில் வந்து முதுகைத் தொடும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. பொறுத்தார். மூன்று இழுப்பு. பலகை சட்டென்று லேசாகி, அலையின் முகத்தில் இறங்கியது. பின்காலை அழுத்தினார். திரும்பியது. மறுபடி மேலே ஏறி, மறுபடி திரும்பியது. அத்தனை வாரமும் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்த ஒன்று, இப்போது அவர் நினைப்பதற்குள் செய்துகொடுத்தது. வாய்விட்டுச் சிரித்தார். எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தோம் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. கரையை நெருங்கும்போதே முடிவு செய்துவிட்டார். நாளைக்கு 'இல்லை' என்று குறிக்கலாம். மனதில் பேனாவை எடுத்துக் குறித்தே விட்டார்.

மச்சினன் கைதட்டினான். இருவரும் மறுபடி வெளியே போனார்கள். அடுத்த அலையை இருவருமே பார்த்தார்கள். "வாங்க மாமா, ரெண்டு பேரும் போலாம்" என்று அவன் இடப்பக்கமிருந்து இழுக்க ஆரம்பித்தான். அலை எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார்க்க அவர் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பினார். தோளைச் சேர்க்க மறந்து, தலையை மட்டும்.

கடல் சுழன்றது.

விழுந்ததுகூடத் தெரியவில்லை. தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்று புரியவில்லை. கை வீசிய பக்கம் மணல் தட்டியது. அது தரை என்று நம்ப முடியவில்லை. அப்போது பலகையோடு சேர்த்துக் கணுக்காலில் கட்டியிருந்த கயிறு வெடுக்கென்று இழுத்தது. அலை பலகையை அடித்துக்கொண்டு போகிறது. பலகை மிதப்பது, மிதப்பது மேலேதான் இருக்கும். இழுத்த பக்கத்துக்கே போனார். தலை வெளியே வந்ததும் வானம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருமினார்.

திறந்தபோது மச்சினன் மார்பளவு தண்ணீரில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம். இவருடைய பலகை சுழன்றுபோய் அவன் புருவத்தில் அடித்திருந்தது.

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் அவன். "சின்னப் பலகையா போச்சு. கட்டிலா இருந்திருந்தா பல்லு போயிருக்கும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கரையில் அவன் புருவத்தில் துண்டை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் தடுமாறி விழல மாப்ள. தல சுத்துச்சு."

"வெயில்ல வெறும் வயித்தோட..."

"முதல் தடவ இல்ல."

அவன் துண்டை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"அன்னைக்குக் கம்பிக்கட்டு நடுவுல நின்னுச்சே. அது தூசு இல்ல."

அவன் துண்டை மணலில் போட்டான். பிறகு, சத்தத்தை உயர்த்தாமல், "அன்னைக்கு என்கூட மூணு பேர் நின்னாங்க மாமா" என்றான்.

"தெரியும்."

"அதுல ஒருத்தன் அடுத்த வாரந்தான் கல்யாணம் பண்ணான். நீங்க போய்ச் சாப்பிட்டீங்க."

"தெரியும்."

"ரெண்டு மாசமா தினமும் ஏறியிருக்கீங்க. நான் தினமும் கீழ நின்னிருக்கேன். அக்காவுக்குத் தெரியுமா?"

"நானா சொல்லல."

அவன் எழுந்து பலகையை எடுத்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் கன்னம்வரை வழிந்திருந்தது, அவன் துடைக்கவில்லை.

"நாளைக்கு நீங்க ஏறினா நான் கீழ நிக்க மாட்டேன். ஏறலைன்னா, ஆபீசுக்குக் கூட வர்றேன். எதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். கடைசியில், "கண்ண மட்டும் செக் பண்ணிடலாம்னு நாலு தடவ கூப்பிட்டேன்" என்றாள். "கண்ணுல இல்லைன்னு எனக்கும் தெரியும். நீங்க வந்து உக்காந்தா பேசலாமேன்னுதான்." சொல்லிவிட்டு, அவருடைய ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை வேலையிடத்து வாசலில் மச்சினன் புருவத்தில் பிளாஸ்திரியோடு நின்றிருந்தான். வணக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் கூடவே நடந்தான். பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். தகரக் கொட்டகை அலுவலகத்தில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பெரிய நட்டை வைத்திருந்தார். படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். 'ஆம்' கட்டத்தில் வந்து விரல் நின்றது.

"எத்தன தடவ?"

"மூணு. ஒண்ணு கேபின்ல. ஒண்ணு படுக்கையிலேர்ந்து எந்திரிக்கும்போது. ஒண்ணு நேத்து, கடல்ல."

"முதல் தடவையே சொல்லியிருக்கணும்."

"ஆமாங்க."

அதிகாரி கையை நீட்டினார். கேபின் சாவியை இவர் வளையத்திலிருந்து கழற்ற நேரம் பிடித்தது, நகம் வழுக்கியது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. "காது டாக்டரப் பாருங்க. அவர் என்ன எழுதுறாரோ, அதுக்கப்புறம் பாக்கலாம்."

"பாக்கலாம்னா? திரும்ப ஏறலாமாங்க?"

"பாக்கலாம்னா பாக்கலாம். இப்ப அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்தார்கள். வேறு ஓட்டுநர் வரும்வரை வேலை நின்றிருந்தது. ஆட்கள் கம்பி அடுக்கின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இவரைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். அவர் வேலிக் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல, தலையை நிமிர்த்தினார். இருபத்திரண்டு வருடத்தில் ஆள் இல்லாத கேபினை இவ்வளவு நேரம் கீழிருந்து பார்த்ததில்லை. கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வேலையில்லாத நேரத்தில் கிரேனின் பிரேக்கைத் தளர்த்தி விட்டுவிடுவார்கள். காற்று தள்ளும் பக்கம் அது தானாகத் திரும்ப வேண்டும், முரண்டு பிடிக்கக்கூடாது. நீண்ட கை வானத்தின் குறுக்கே மெதுவாக நகர்வது போலிருந்தது. அவர் பிடியை இறுக்கினார்.

"மாப்ள."

"ம்."

"அது திரும்புதா?"

மச்சினனும் அண்ணாந்து பார்த்தான். பிளாஸ்திரி இழுத்ததில் அவன் புருவம் சுருங்கியது.

"திரும்புது மாமா" என்றான்.

வெறும் கொக்கி ஆடியபடி, யாரும் இல்லாத கேபினையும் இழுத்துக்கொண்டு, அது கடல் இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.