ஓடையை விட்டுக் கட்டிய வீடுகள்

குன்றை வெட்டிச் சமமாக்கிவிட்டால் வேலை சுலபம் என்பதுதான் கயித்தாரேயின் கட்சி. குன்றுகள் நிறைந்த கிகாலி நகரில் வீடு கட்டி விற்பவர் அவர். வரைபடம் போட வந்த உமுஹோசா மசியவில்லை. சரிவோடு சரிவாக இறங்கும் மாடித் தொடர்வீடுகள், நடுவே மழைத்தண்ணீர் அடிவாரச் சதுப்புநிலத்துக்குப் போகும் ஓடை, கரையில் அத்திமரங்கள் என்று அதையே திரும்பத் திரும்ப வரைந்து கொண்டுபோனாள்.

“தங்கச்சி, நான் மனுசங்களுக்கு வீடு கேட்டேன். நீ ஓடைக்குக் கட்டிக் குடுக்குற.”

“மூடிப் பாருங்க பாஸ். மழை உங்க கூடத்துல வந்து உக்காரும். சோபா போட்டு உபசரிங்க.”

மலையை வெட்டும் செலவைக் கேட்ட பிறகுதான் அவர் இறங்கிவந்தார். அப்போதும் மேல்சாலையிலிருந்து வண்டி இறங்கும் சாய்தளத்தை வரைபடத்தில் அடித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு வீட்டைச் செருகினார்; இறங்கிவரப் படிக்கட்டு மட்டும் மிஞ்சியது. ஓடையாவது பிழைத்ததே என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

குடிவந்தவர்களின் முதல் மழைக்காலத்தில் போய்ப் பார்த்தாள். ஓடையை மண்ணும் உடைசெங்கல்லும் கொட்டி நிரவி, மேல்சாலையிலிருந்து வண்டி இறங்க வழியாக்கி, அதன்மேல் ஒரு காரை நிறுத்தியிருந்தார்கள். வழி தவறிய தண்ணீர் கீழ்வீட்டின் அடித்தளத்தை அரித்திருந்தது.

“யாரக் கேட்டு இத மூடுனீங்க?”

“யாரக் கேக்கணும்? மாசக் கடைசியில ஊரே கூடிச் செய்யுற பொதுவேலையில எல்லாரும் சேந்துதான் மூடுனோம்,” என்றாள் கார்க்காரி வெனான்சி, ஆஸ்பத்திரி நர்ஸ். “எங்க மாமியாருக்கு ரெண்டு முட்டியும் போச்சு. இத மூடுற வரைக்கும் அத்தன படியும் அவங்கள நான்தான் முதுகுல சுமந்தேன். படம் புடிக்க வர்றவங்களுக்குப் படி அழகாத்தான் இருக்கும், மேடம்.”

உமுஹோசாவுக்குக் கோபம் அப்படியே இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கயித்தாரேயைப் போனில் பிடித்தாள்.

“வித்தாச்சு தங்கச்சி. இனி அவங்க பாடு.”

வீட்டுக் கொல்லைகளின் ஓரமாகச் சரிவைச் சுற்றி இறங்கும் வண்டிப்பாதை ஒன்றை வரைந்து, கூலி வாங்காமல் கொண்டுவந்து குடியிருப்பவர்களின் கூட்டத்தில் காட்டினாள். ஆளுக்கு ஆறு முழ அகலத்துக்குத் தோட்டம் விட வேண்டும்.

“என் அவரைக்கொடிய விடமாட்டேன்,” என்றார் ஒருவர். “கார் இல்லாத எனக்கு எதுக்குப் பாதை?” என்றார் இன்னொருவர். முடிவு எதுவும் இல்லாமல் கூட்டம் கலைந்தது.

அடுத்த பொதுவேலை நாளில் ஓடையை மூடிய மண்ணை அள்ள வந்தவர்கள் வெனான்சியும் கீழ்வீட்டுக்காரரும்தான்.

“காரு?” என்று கேட்டாள் உமுஹோசா.

“மேல ரோட்டுல. கீழ்வீடு சரிஞ்சா அந்தப் பாவம் எனக்கு வேணாம். பாதை போடுற வரைக்கும் மாமியாரச் சுமக்குறேன். ஆனா சீக்கிரம் போடுங்க, என் முதுகும் மனுச முதுகுதான்.”

உமுஹோசா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மண்வெட்டியை எடுத்தாள். மத்தியானத்துக்குள் பாதிதான் தோண்ட முடிந்தது.