இரண்டு இடது காலும் ஒரு விண்ணப்பக் கடிதமும்

அண்ணி ஒன்பது வருடம் வேலை பார்த்த செருப்புக் கிடங்கை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக விண்ணப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்ற மிதப்பில் நான்தான் இணையத்திலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் கொடுத்தேன். ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர்’ என்று அது முழங்கியது. பதினொரு இடங்களுக்கு அனுப்பினோம். பத்து இடம் கிணற்றில் போட்ட கல். ஒரு மருந்துக் கிடங்கு மட்டும் மரியாதையாக மறுத்து எழுதியது.

நானாக இருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அண்ணி அந்தக் கடிதத்தின் அடியிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“மேடம், வேலை கேட்டுக் கூப்பிடல. இல்லைன்னுட்டீங்க, சரி. என் லெட்டர்ல என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க.”

ஸ்பீக்கரில் அந்த மருந்துக் கிடங்கு மேலாளரம்மாவின் சிரிப்பு கேட்டது. “குறை ஒண்ணும் இல்லம்மா. அதே லெட்டரை இன்னும் முப்பது பேர் அனுப்பியிருந்தாங்க. பேரை மாத்தினா யாருக்கும் பொருந்தும். எங்களுக்கு என்ன தலைவலி, அதுக்கு நீங்க என்ன செய்வீங்கன்னு ஒருத்தரும் எழுதல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி விடவில்லை. “உங்களுக்கு என்ன தலைவலி மேடம்?”

“பெட்டியெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அஞ்சு மில்லிகிராம் கேட்டா அம்பது போயிடும். எந்த மருந்துக் கிடங்குலயும் இதான் கதை.”

போனை வைத்ததும் அண்ணி என் பக்கம் திரும்பினார். “எங்க கிடங்குலயும் இதே கூத்துதான். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டும் இடது கால் செருப்பா போயிடும். மாசம் இருபது, முப்பது திரும்பி வரும். நான்தான் ஒரு வழி பண்ணேன். எடுத்து வைக்கிறவங்க பெட்டியை மூடக் கூடாது. இன்னொருத்தர் நம்பரை வாய்விட்டுப் படிச்சு, உள்ள பார்த்து, கையெழுத்துப் போட்டுத்தான் மூடணும். அப்புறம் மாசம் ஒண்ணு வந்தாலே அதிசயம்.”

“அண்ணி! இதை ஏன் எழுதல?”

“செய்யற வேலையைச் செஞ்சேன். அதுக்குத் தம்பட்டம் வேற அடிக்கணுமா?”

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரே எழுதினார். நடுவே நான் ‘சீரிய முறையில்’ என்று ஒன்றைச் செருகினேன். “இது யாரு பேசறது? நான் இல்ல,” என்று அடித்தார். ‘ஒரே மாதிரிப் பெட்டிகளால் உங்கள் சரக்கு மாறிப் போவதுண்டு என்றால், அதைக் குறைத்த அனுபவம் எனக்கு உண்டு’ என்று தொடங்கி, எப்படிக் குறைத்தார், எத்தனை குறைந்தது என்று அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார். கடைசியில், ‘மருந்தைப் பற்றி எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்வேன்.’

“அந்த வரி வேண்டாமே அண்ணி.”

“போன முதல் நாளே குட்டு உடையறதுக்கு, இப்பவே சொல்லிடலாம்.”

நான்கு மருந்துக் கிடங்குகளுக்கு அனுப்பினார். இரண்டு கூப்பிட்டன. ஒன்றில், நேர்காணலின்போதே ஒரு அடுக்கைக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார்களாம். பத்து நிமிடத்தில் இடம் மாறியிருந்த இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாராம். வேலை கிடைத்துவிட்டது.

சேர்ந்த அன்றே, சாப்பாட்டு இடைவேளையில், முதலில் மறுத்த மேலாளரம்மாவைக் கூப்பிட்டு, புது லெட்டரில் எழுதியதைச் சொல்லி, நன்றி சொல்லியிருக்கிறார். “அந்த லெட்டரை எனக்கும் அனுப்புங்க. பெட்டி மூடற அந்த முறையை எங்க ஆளுங்ககிட்ட காட்டணும்,” என்றாராம் அந்த அம்மா.

அண்ணி உடனே அனுப்பிவிட்டார்.