ஒரு கப் தயிரின் எடை

"ஒரு கப்புன்னா எத்தனை கிராம் அண்ணி?" என்று நாத்தனார் போனில் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கப் என்றால் கப்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காது உடைந்த அந்த வெள்ளைக் கோப்பையில்தான் அவள் கேக்குக்குத் தயிர் அளக்கிறாள். ஆனால் நாத்தனார் கேக் கடை திறந்திருந்தாள். கடையில் ஆள் உயர மிக்சர். ஒரே தடவையில் பத்துக் கேக்குக்கு மாவு. அங்கே கோப்பை செல்லாது, எல்லாம் தராசுதான். போனிலேயே தேடிப் பார்த்து, கப்புக்கு இருநூற்று நாற்பத்தைந்து கிராம் என்று நாத்தனாரே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

கடையில் கேக் படுத்துவிட்டது. மறுபடி செய்தாள், மறுபடியும் படுத்தது. மேலே குழி, அடியில் களி.

அந்தக் களியில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி வாங்கி வந்தார் வீட்டுக்காரர்.

"உன் நாத்தனார் குடுத்தா. நீ ஏதோ ஒண்ண சொல்லாம விட்டுட்டியாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்த சொல்ல? எனக்குத் திங்கத்தான் தெரியும்னேன்."

அவள் அதில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டாள். ருசி அவளுடையதுதான், உடம்புதான் வேறு. விழுங்கிய பிறகும் அந்தப் பேச்சு மட்டும் உள்ளே இறங்கவில்லை. வந்த புதிதில், இவள் பெட்டியை வைக்க இடமில்லாமல் நின்றபோது, யாரும் சொல்லாமலே தன் அலமாரியில் பாதியை ஒழித்துக் கொடுத்தவள் அந்த நாத்தனார். அவளிடம் போய் மறைப்பேனா? மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

காலையில் கோப்பையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. குனிந்து நுழைந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். உட்காருங்க என்பது வரவில்லை.

"தராசை எடு. உன் கண்ணு முன்னாடியே அளக்கறேன்."

முதலில் காலிக் கோப்பையின் எடையைக் கழித்துவிட்டு, அதில் தண்ணீர் ஊற்றி நிறுத்தார்கள். இருநூற்று நாற்பது.

"கப்புல குத்தமில்ல" என்றாள் நாத்தனார். மிச்சக் குற்றம் யாருடையது என்று சொல்லவில்லை.

அவள் தண்ணீரைக் கொட்டிக் கோப்பையைத் துடைத்தாள். தயிரைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள். "ஏதாவது மனசுல இருந்தா நேரா எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல. நடுவுல உங்கண்ணனைத் தூது விடணுமா? அவர் நேத்து மிச்சக் களியையும் முழுசாத் தின்னுட்டு, ரெண்டு பேர் கையிலயும் அகப்படாம டீவி முன்னாடி போய் உக்காந்துட்டாரு..." பேசிக்கொண்டே கோப்பையை விளிம்புவரை நிரப்பித் தராசில் வைத்தாள்.

இருநூற்று ஐந்து.

"தண்ணிய விடத் தயிர் லேசா?" என்றாள் அவளே, குழம்பிப்போய்.

நாத்தனார் எண்ணைப் பார்க்கவில்லை. அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன பண்ணீங்க?"

"ஊத்துனேன்."

"அதுக்கு முன்னாடி."

"ஒண்ணும் பண்ணலையே."

"நுரை கட்டற வரைக்கும் அடிச்சீங்க அண்ணி. கப்புல தயிரோட காத்தும் சேந்திருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். கையில் முள்கரண்டி இருந்தது, விரல்வரை வெள்ளை. அதை எப்போது எடுத்தாள்?

"நீ சொல்லித்தாம்மா எனக்கே தெரியுது" என்றாள். சொன்னபோது அது அவள் காதுக்கே பொய் போல ஒலித்தது.

நாத்தனார் இன்னொரு கிண்ணத்தில் தயிரை எடுத்து வைத்தாள். "மறுபடி அடிங்க, பாக்கறேன்."

அவள் அடித்தாள். கை விறைத்துக்கொண்டது, தயிர் திட்டுத் திட்டாகத் தெறித்தது. "நீ பாத்தா வரல."

"நான் பாக்கல. அண்ணன் டீவி முன்னாடி உக்காந்தாரு, அப்புறம்?" என்றபடி நாத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலால் ஸ்டூலை இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

அவள் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். தராசின் மேல் முதல் கோப்பை அப்படியே இருந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக உடைய, தயிர் விளிம்பை விட்டு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எண் மட்டும் அசையவில்லை.